மூன்றாவது குறுக்குத் தெருவின் ஊர்க்காவலர்

சத்யநாராயணன் முப்பத்தொரு வருஷம் புகார் எழுதினார். மின்வாரியத்தின் ஃப்யூஸ் ஆபீஸில் அவருக்கு ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஒரு நீளப் பதிவேடு. மணி அடித்தால் எடுப்பார். பெயர், தெரு, கம்பத்தின் எண், நேரம். எழுதிவிட்டு, "உங்க நம்பர் நாற்பத்திரண்டு, குறிச்சு வெச்சுக்கோங்க" என்பார். 'சரிசெய்த நேரம்' என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. லைன்மேன் வந்து முடிந்தது என்று சொன்னாலும் அதை நிரப்பமாட்டார். புகார் சொன்னவருக்கே போன் போடுவார். "வெளிச்சம் வந்துடுச்சா?" வந்துவிட்டது என்று காதால் கேட்ட பிறகுதான் பேனா இறங்கும்.

அவருக்கென்று பெரிய கொள்கைகள் கிடையாது. ஒன்றை மட்டும் நம்பினார். எண் விழுந்த புகாருக்கு என்றைக்காவது ஆள் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது குறுக்குத் தெருவில் சொந்த வீடு. மனைவி நாகலக்ஷ்மி, ஒரே மகள் விஷ்ணுப்ரியா. தெரு போய் வேளச்சேரி சாலையில் முட்டும் இடத்தில், பால் பூத்துக்கும் தையல் கடைக்கும் நடுவே, மழைநீர் வடிகாலின் மேல்மூடி ஒன்று உடைந்து கிடந்தது. இரண்டடிக்கு இரண்டடி. போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம், தண்ணீர் சாலையை நிரப்பியிருந்தபோது, நாகலக்ஷ்மி பால் வாங்கப் போனாள். இடது கால் அதற்குள் இறங்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். படுக்கையில் சளி கட்டிக்கொண்டது. ஐந்து வாரம்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் சத்யநாராயணன் செருப்பு மாட்டிக்கொண்டு மூலைக்குப் போய்ப் பார்த்தார். மூடி போடவில்லை.

வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். அது பெரிய சாலையின் எல்லை, எங்களுடையதில்லை என்றார்கள். சாலைக்காரர்களிடம் போனார். வடிகால் எங்களுடையதில்லை என்றார்கள். அவர் இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார். "நம்பர் தருவீங்களா?"

நம்பர் மகளிடம் இருந்தது. விஷ்ணுப்ரியா பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். 'ஊர்க்கண்' என்ற செயலி அவர்களுடையது. குப்பை, எரியாத விளக்கு, உடைந்த குழாய், எதையும் போட்டோ எடுத்துப் போட்டால் அது சேர வேண்டிய இடத்துக்குப் போகும். அதில் விளையாட்டுப் பகுதி முழுக்க அவள் செய்தது. புகாருக்குப் பத்துப் புள்ளி, சரியானதைப் போய்ப் பார்த்து உறுதி செய்தால் ஐந்து. ஏழு நாள் விடாமல் போட்டால் கூடுதல் புள்ளி. ஐந்து நிலைகள், வார்டு வாரியாக முதல் பத்துப் பேரின் பட்டியல்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"ஜனங்க சும்மா புகார் கொடுக்க மாட்டாங்கப்பா. எவனாவது செய்வான்னு போயிடுவாங்க. பாயின்ட் இருந்தா தேடிப் போய் எடுப்பாங்க. போன வருஷத்தைவிட ஆறு மடங்கு."

"எங்க ஆபீஸ்ல பாயின்ட் எல்லாம் கிடையாது. இருட்டு இருந்தது. அதுக்கே ஓயாம போன் பண்ணுவாங்க."

பள்ளத்தைப் போட்டோ எடுத்துப் போட்டார். பதினேழு இலக்க எண் வந்தது. தாளில் எழுதி நாகலக்ஷ்மியின் படத்துக்குப் பின்னால் செருகினார். ஒன்பதாம் நாள் 'வேறு துறைக்கு உரியது' என்று புகாரை மூடிவிட்டார்கள். மறுபடி போட்டார். மறுபடி மூடினார்கள். பதினொரு எண் சேர்ந்த பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"இதை யாராவது பார்க்கறாங்களா?"

விஷ்ணுப்ரியா கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "ஐந்தாம் லெவலுக்குப் போயிட்டா உங்க புகார் பொது வரிசையில நிக்காதுப்பா. நேரா பொறியாளர் போனுக்கே போகும். அவர் புகாரை மூடணும்னா நேர்ல வந்து பார்த்தாகணும். ஊர்க்காவலர்னு பேர். ஐயாயிரம் பாயின்ட்."

"சிபாரிசுன்னு சொல்லு."

"சிபாரிசு இல்லப்பா. லெவல்."

"சரி, லெவல்" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஐயாயிரத்துக்கு என்ன வழி?"

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. ஐந்தே முக்காலுக்கு எழுந்து, கேன்வாஸ் ஷூ மாட்டி, போனைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்புவார். ஆறு பத்துக்கு முதல் போட்டோ. மற்றவர்கள் 'இங்கே குப்பை' என்று போடுவார்கள். இவர் பழைய வழக்கத்தில் கம்பத்தின் எண், வடக்கா தெற்கா, எத்தனை அடி என்று எழுதுவார். பழைய பேப்பர், எச்சில் இலை, வெட்டிப்போட்ட வேப்பங்கிளை, கிழிந்த மெத்தை, எதையும் விடவில்லை. எட்டு மணிக்கு அதே வழியில் ஒரு சுற்று. சரியானதைக் கண்ணால் பார்த்துவிட்டு 'உறுதி' என்று அழுத்துவார். பேப்பரும் காபியும் அதற்குப் பிறகுதான்.

பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தவன் கேஷவ். மெயின் ரோட்டு அடுக்ககத்தின் செயலாளர். ஐ.டி. ஆள். எதிரே வந்தால் ஸ்கூட்டரை நிறுத்துவான்.

"சார், நேத்து நாலாவது தெருவுல ஒரு மெத்தை கிடந்துதே, அது நான் பார்த்து வெச்சிருந்தது."

"பார்த்து வெச்சா போதுமா? எழுதணும்."

"உங்ககிட்ட மாட்டினா எங்க பில்டிங் வாட்ச்மேன் தும்மினாக்கூடப் புகார் போடுவீங்க."

"கம்ப நம்பர் இருந்தா போடுவேன்."

மனைவி போன பிறகு அவர் சிரித்துப் பேசியது கேஷவிடம்தான். மகள் அதை மாடியிலிருந்து பார்த்தாள். தான் செய்தது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஐந்து தெருக்களையும் பெருக்குபவள் கங்கையம்மாள். ஒப்பந்தத் தொழிலாளி. ஐம்பதைத் தாண்டியவள். பேட்டரி வண்டியோடு ஆறரைக்கு வருவாள். இவர் எடுத்துப் போட்டது அவள் போனுக்கு வரும். எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் அள்ளிவிடுவாள்.

"இன்னா சார், நான் வர்றதுக்குள்ள போட்டோ புட்சிட்டியா?"

"ஆச்சு, பன்னிரண்டாம் நம்பர் கம்பத்துக்கிட்ட ரெண்டு மூட்டை."

"எனக்குத் தெரியாதா? தெனிக்கும் அங்கதான் போட்றானுங்க. நீ படம் புடிக்காட்டியும் அள்ளத்தான் போறேன்."

"உனக்குத்தான் கங்கை நல்ல பேர். புகார் வந்து ஒரு மணி நேரத்துல முடிச்சுடற. எல்லாம் அதுல ஏறுது."

"ஏறட்டும் சார், ஏறட்டும். நம்ம பேரு எங்கியாவது ஏறுதே." வாயில் வெற்றிலையோடு சிரிப்பாள்.

அவர் அதை மனப்பூர்வமாகச் சொன்னார். அவருடைய ஆபீஸில் அப்படித்தான். புகார் வந்த நேரமும் தீர்ந்த நேரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மாசக் கடைசியில் அதிகாரி இரண்டையும் கழித்துப் பார்ப்பார். பத்து மணிக்கு வந்தது பத்தரைக்குத் தீர்ந்திருந்தால் லைன்மேனுக்குச் சபாஷ். புகார் அதிகம் வந்த பகுதியின் லைன்மேனுக்குத்தான் சபாஷும் அதிகம். ஆகவே சத்யநாராயணன் கங்கையம்மாளின் கணக்கில் ஒவ்வொரு காலையும் ஒரு சபாஷ் சேர்ப்பதாக நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை.

ஆகஸ்டு கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை, ஐயாயிரம் தாண்டியது. போனில் நாதஸ்வரம் ஒலித்தது. திரையில் காகிதப் பூ கொட்டியது. 'வாழ்த்துகள்! நீங்கள் இனி ஊர்க்காவலர்!' அந்த நாதஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்தது விஷ்ணுப்ரியா.

அவர் மூலைக்குப் போனார். பள்ளத்தைப் பன்னிரண்டாவது தடவையாகப் படம் எடுத்தார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'பொறியாளர் செவ்வாய்க்கிழமை காலை நேரில் பார்வையிடுவார்.' வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் நின்று, திரையை அதன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

சனிக்கிழமை காலை வண்டியோடு வேறொருத்தி வந்தாள். இளவயசு. சந்திரிகா என்று பெயர் சொன்னாள்.

"கங்கையம்மாள் லீவா?"

"நிறுத்திட்டாங்க சார். கம்ப்ளைன்ட் ஜாஸ்தியாம்."

"யாருடைய கம்ப்ளைன்ட்?"

அவள் அவருடைய கழுத்தில் தொங்கிய போனைப் பார்த்துவிட்டுக் குப்பையை அள்ள ஆரம்பித்தாள்.

கங்கையம்மாளின் வீடு ஏரிப் பக்கம். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர பத்து மணி ஆயிற்று. அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"இன்னா நடந்தது?" என்று கேட்டார். தன் வாயில் அவளுடைய பேச்சு வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"சூப்பர்வைசர் டேப்ல காட்னாரு சார். வரிசையா எல்லாரு பேரும் கீது. என் பேருக்கு நேரா முன்னூத்திப் பன்னெண்டு. செவப்பா கீது. பக்கத்து ஏரியா பொண்ணுக்கு ஒம்போது. அவ தெருவுல வந்து பாரு சார், நாய்கூட நடக்காது. அங்க படம் புடிக்க ஆள் இல்ல."

"நீ எல்லாத்தையும் எட்டு மணிக்குள்ள முடிச்சியே. நான் உறுதி பண்ணேனே. அது இல்லையா?"

"அதெல்லாம் அதுல இல்ல சார். ஒரே நம்பர்தான்."

கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "உன்ன ஒண்ணும் சொல்லல சார். நீ நல்ல மனுசன், அம்மா போனதுலேந்து எதுனா ஒண்ணு பண்ணணும்னு பண்ற. ஆனா நீதான சொன்ன, நல்ல பேரு ஏறுதுன்னு. நானும் என் மருமவகிட்ட அப்டியே சொல்லிகினு இருந்தேன்."

வீடு வந்து சேர்ந்தபோது மகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அதிகாரிங்க பக்கத்துல ஒரு பட்டியல் தெரியுமாமே. ஆளுக்கு ஒரு நம்பர்."

"ஆமாப்பா. டாஷ்போர்டு."

"தீர்ந்த நேரம் அதுல எங்கே?"

விஷ்ணுப்ரியா கையிலிருந்த துண்டை மடித்தாள். பிறகு அதையே இன்னொரு தடவை மடித்தாள். "முதல்ல இருந்துதுப்பா. சின்ன ஸ்க்ரீன்ல நாலு கட்டம் அடங்கல. ஒரே நம்பர் போதும்னு கேட்டாங்க. எடுத்துட்டோம்."

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தார். "எங்க பதிவேட்டுல அந்தக் கட்டத்தைக் கிழிச்சிருந்தா, ஒரு லைன்மேனும் பிழைச்சிருக்க மாட்டான்" என்றார். மகளிடம் சொன்னதுபோல் இல்லை.

பட்டியல் மாசக் கடைசி நாள் மாலை ஒப்பந்தக்காரருக்குப் போகும் என்று அவள்தான் சொன்னாள். நாளைக்குத்தான் மாசக் கடைசி. அதற்குமேல் நிறுத்தம் நிரந்தரம். அதற்குள் புகார்களைத் திரும்பப் பெறலாம். ஒவ்வொன்றாக. ஆனால் புள்ளி போய்விடும். புள்ளி போனால் நிலை இறங்கிவிடும்.

"செவ்வாய்க்கிழமை பொறியாளர் வரணும்ப்பா. லெவல் இறங்கிட்டா அந்தப் புகார் பழையபடி பொது வரிசைக்குப் போயிடும். எட்டு மாசமா இதுக்காக அலைஞ்சீங்க."

"தெரியும்."

"நான் ஆபீஸ்ல பேசிப் பார்க்கறேன். ரெண்டு நாள் டைம் கொடுங்க."

"நாளைக்குச் சாயங்காலம் பட்டியல் போயிடும்னு நீதானே சொன்ன?"

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு உட்கார்ந்தார். புகாரைத் திறக்க வேண்டும். 'திரும்பப் பெறு' என்று அழுத்த வேண்டும். காரணம் கேட்கும். மூன்றுதான் கொடுத்திருந்தார்கள். இடம் தவறு. ஏற்கெனவே பதிவானது. தவறுதலாகப் பதிவு செய்தேன். அவர் பதிவேட்டில் பொய் எழுதியதில்லை. முதல் புகாரை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மூன்றாவதை அழுத்தினார். நாற்பதைத் தாண்டியபோது அது பொய்யாகப் படவில்லை.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தாள். அவர் அழுத்தினார். சாப்பாட்டுக்கு எழவில்லை. ஊர்க்காவலர் பட்டம் மத்தியானமே போனது. அதற்கு நாதஸ்வரம் எதுவும் இல்லை. பட்டம் இருந்த இடம் வெறுமனே காலியாயிற்று. முன்னூற்றுப் பன்னிரண்டும் ஐந்தரை மணிக்கு முடிந்தது.

திங்கட்கிழமை இருவரும் ஒப்பந்தக்காரரின் கொட்டகைக்குப் போனார்கள். விஷ்ணுப்ரியா லீவு போட்டிருந்தாள். சூப்பர்வைசர் தயாளன் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"சத்யநாராயணன் சாரா? மூணாவது குறுக்குத் தெரு? முதல் ரேங்க்! அடடா, உக்காருங்க சார். உங்களாலதான் சார் எங்க வார்டுக்கு 'விழிப்பான வார்டு' கேடயமே வந்தது. டேய், சாருக்கு ஒரு டீ! சார், ஒரு செல்ஃபி?"

எடுத்தே விட்டார். படத்தில் தயாளன் சிரிக்கிறார். சத்யநாராயணன் கேமராவைப் பார்க்கவில்லை.

"கங்கையம்மாளைத் திரும்ப வேலைக்கு எடுக்கணும்" என்றார். "புகாரெல்லாம் எடுத்துட்டேன். பாருங்க."

தயாளன் டேப்லெட்டைத் தட்டித் திருப்பிக் காட்டினார். "எங்க சார் எடுத்தீங்க? அப்படியேதான் இருக்கு."

கங்கையம்மாள். முன்னூற்றுப் பன்னிரண்டு. சிவப்பு.

விஷ்ணுப்ரியாவுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அந்த எண் வந்த புகார்களைக் கூட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யாராவது புகாரைத் திரும்பப் பெறுவார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. புள்ளியைக் கழிக்க எழுதியிருந்தாள். அந்த எண்ணைக் கழிக்க எழுதவில்லை. அப்பாவிடம் சொன்னாள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"கையால மாத்துங்க" என்றார் அவர் தயாளனிடம். "நான் எழுதித் தரேன். என் தப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"சார், நீங்க பெரியவங்க. நான் யாரு சார் மாத்த? சிஸ்டம் பண்ணுது. பேர் நேத்தே கட் ஆயிடுச்சு. அவங்க நல்ல உழைப்பாளிதான், நான் இல்லைன்னா சொல்றேன்? எனக்கே பேஜாரா இருக்கு." டீ வந்தது. "குடிங்க சார், ஆறிடும்."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போனில் செய்தி இருந்தது. 'உங்கள் புகார் பொது வரிசைக்கு மாற்றப்பட்டது.' ஆனாலும் சத்யநாராயணன் சட்டை மாற்றிக்கொண்டு மூலைக்குப் போனார். பால் பூத்தின் நிழலில் ஒன்பதிலிருந்து ஒன்று வரை நின்றார். யாரும் வரவில்லை.

அதன் பிறகு அவர் காலையில் நடக்கப் போகவில்லை. கேஷவ் ஒரு தடவை வீட்டுக்கே வந்து, "சார், நீங்க இல்லாம போட்டியே இல்ல" என்றான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். செயலி தினமும் காலையில் மணியடித்து அவரைக் கூப்பிட்டது. மகள் அதை அவர் போனிலிருந்து நீக்கினாள். கங்கையம்மாளுக்கு வேறு வேலை தேடி இரண்டு பள்ளிக்கூடத்திலும் ஒரு கல்யாண மண்டபத்திலும் கேட்டுப் பார்த்தார். வயசைக் கேட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் பள்ளத்தில் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டினார். மறுநாள் காலை கிளை இல்லை. மறுபடி நட்டார். மறுபடி இல்லை. மூன்றாம் நாள் காத்திருந்து பார்த்தார். சந்திரிகா பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது குப்பை இல்லை. அடையாளம்."

"தெரியுது சார். ஆனா யாருனா படம் புடிச்சிட்டா? ரோட்ல கிளை கிடக்குதுன்னு என் பேர்லதான் ஏறும்." கிளையை வண்டியிலிருந்து எடுக்கவுமில்லை, வண்டியை நகர்த்தவுமில்லை. அவர் என்ன சொல்வார் என்று பயந்துகொண்டே நின்றாள்.

"போம்மா" என்றார்.

அன்று மாலையிலிருந்து மழை பெய்யும்போதெல்லாம் அவரே போய் நின்றார். குடையோடு, பள்ளத்துக்கு ஓரடி தள்ளி, கணுக்காலளவு தண்ணீரில். "இந்தப் பக்கம் வராதீங்க, பள்ளம். அந்தப் பக்கமா போங்க." பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் வாங்க வருபவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுபவர்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவன், "பெரிசு, வூட்டுக்குப் போ, நீயே விழுந்துடப் போற" என்றான். விஷ்ணுப்ரியா கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனாள். பாதி வழியில் திரும்பி வந்து திறந்துவிட்டாள்.

"அங்கே நம்பர் வேலை செய்யல ப்ரியா" என்று அவளிடம் சொன்னார். "ஆள் நின்னா வேலை செய்யுது."

கார்த்திகை முதல் வாரம் காய்ச்சல். நுரையீரலில் நீர். அதே மருத்துவமனை, அதே மாடி. ஆறு நாள். நினைவு தப்பிப் பேசியபோது யாருடைய நம்பரையோ திரும்பத் திரும்பக் கேட்டார். வெளிச்சம் வந்ததா என்று கேட்டார். வந்துடுச்சுப்பா என்று மகள் சொன்னாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எரித்துவிட்டு வந்த அன்று மழை இல்லை. விஷ்ணுப்ரியா மூலையில் நின்று பார்த்தாள். மூடி போடவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து ஆபீஸுக்குப் போனதும் விஷ்ணுப்ரியா ஒரு குறிப்பு எழுதிக் கூட்டத்தில் வைத்தாள். டாஷ்போர்டில் தீர்ந்த நேரத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் எண் காட்டுவதை நிறுத்த வேண்டும். திரும்பப் பெற்ற புகார்களைக் கழிக்க வேண்டும். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். அவளுடைய இழப்புக்கு வருத்தம் தெரிவித்தார்கள். அந்த ஒற்றை எண்தான் அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்த அம்சம் என்று மேலாளர் சொன்னார். அதை வைத்துத்தான் மூன்று ஊர்களில் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணை எடுக்க முடியாது. ஆனால் சிவப்பு கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார்.

நிறத்தை மாற்ற அனுமதி கிடைத்தது. ஒரே வரி. பத்து நிமிஷத்தில் செய்து முடித்தாள். சரியாக வருகிறதா என்று பார்க்க ராஜகீழ்ப்பாக்கத்தைத் திறந்தாள். கங்கையம்மாளின் பெயர் பட்டியலில் இல்லை. சந்திரிகா, நாற்பத்தொன்று. ஆரஞ்சு.